சட்டையை இழுத்த கை

பிரியமானவர்களே, ஆண்டவர் எங்கள் உயிரைக் காப்பாற்றினார். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அன்றிலிருந்து என்னைப் பார்க்கிற எல்லாரும், "பிரதருக்கு கர்த்தர் முன்னாடியே காட்டிட்டாரு" என்று கை கொடுக்கிறீர்கள். நானும் வாயை மூடிக்கொண்டு கை நீட்டிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. நடந்தது வேறு.

தாபோடியில் நாங்கள் இருந்த பழைய கட்டடத்தில், எங்கள் ஹால் பீமில் விரிசல் விட்டது. மழைக்கு அது நீண்டது. சுவரில் துருத் தண்ணீர் வடிந்தது. இஞ்சினியரைக் கூப்பிடச் சொல்லி என் மனைவி ரெஜினா கெஞ்சினாள். நான் கேட்கவில்லை. நான் யார்? வாலிபத்தில் மும்பைக் கடலில், எண்ணெய் எடுக்கும் மேடைகளில் டைவராக இருந்தவன். மேடையின் இரும்புக் கால்களில் சிப்பியைச் சுரண்டிவிட்டு, கலங்கல் தண்ணீரில் விரலால் தடவியே வெடிப்பைக் கண்டுபிடித்தவன். "கடலுக்கடியிலயே பாத்தவன் நான். இது வெறும் பூச்சுடீ" என்றேன். என்னைக் காகா, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடும் மேல்மாடி மராட்டிக் குடும்பமும், காகா சொன்னால் சரிதான் என்று நம்பி இருந்துவிட்டது.

அப்போது என் ஜெபம் என்ன தெரியுமா? "ஆண்டவரே, இவ வாயைக் கட்டும்." அவளோ சமையலறையில் முழங்கால் போட்டு, "அப்பா, இந்த மனுசன் கண்ணத் தெறந்துவிடும்" என்று அழுதாள். என் காதில் விழத்தான் செய்தது. நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

அதோடு விட்டேனா? கணபதி பண்டிகை கழிந்த ஞாயிறு, வீட்டு ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில்தான் என்று பாஸ்டரிடம் அடம்பிடித்து வாங்கினேன். சபையே வந்து உட்கார்ந்துவிட்டால் அப்புறம் இவள் எப்படிப் பேசுவாள் பார்ப்போம் என்கிற வீம்பு. விரிசல் தெரியாதபடி அதன்மேல் வசனக் காலண்டரைத் தொங்கவிட்டேன். தேவ வசனத்தை எதற்குப் பயன்படுத்தினேன் பாருங்கள்! அதற்கு நேர் கீழே பாய் விரித்துப் பிள்ளைகளை உட்காரவைத்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். டைவர் இறங்கும்போது அவனுடைய கயிற்றை மேலே ஒருவர் பிடித்திருப்பார். நான்கு தரம் இழுத்தால் மேலே வா என்று அர்த்தம். ஒருமுறை அப்படி இழுத்தும், இன்னும் கொஞ்சம் சுரண்டிவிட்டுப் போகலாம் என்று நின்றுவிட்டேன். மேலே அலை எழும்பியிருந்தது எனக்குத் தெரியாது. ஏறி வந்ததும் எங்கள் சூப்பர்வைசர், தூத்துக்குடிக்காரர், பிடிபிடியென்று பிடித்தார். "ஏலே, மேல இருக்கவனுக்குத் தெரியுறது ஒனக்குத் தெரியுமால? இழுத்தா வா. கேள்வி கேக்காத!" கல்யாணமான புதிதில் இதை ரெஜினாவிடம் சொல்லிச் சிரித்தேன். அதிலிருந்து, கூட்டமான இடத்தில் கிளம்பலாம் என்றால் என் சட்டையை நான்கு தரம் இழுப்பாள்.

அன்று எல்லாரும் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தோம். என் சட்டை இழுபட்டது. நான்கு தரம். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். மறுபடியும் இழுத்தாள். எரிச்சலோடு கண்ணைத் திறந்தேன். எண்ணெய் வைத்து வாரிய ஒரு சின்னப் பெண்ணின் தலையில் சிமெண்டுப் பொடி உதிர்ந்துகொண்டிருந்தது.

"எல்லாரும் வெளிய வாங்க, ஜெபத்த ரோட்டுல வச்சுக்கலாம்!" இப்படிக் கத்தியது ரெஜினா. நான் இல்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், அவ்வளவுதான். மேல்மாடிக் கதவைத் தட்டி அவர்களை இறக்கியதும் அவள்தான். நாங்கள் கேட்டுக்கு வெளியே நின்றபோது உள்ளே தடதடவென்று சத்தம் கேட்டது. பீமின் கான்கிரீட் பாளம் பாளமாகப் பெயர்ந்து அந்தப் பாய்மேல் விழுந்திருந்தது. காலண்டரும் அதற்குள்தான் கிடந்தது.

ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ஸ்தோத்திரம்! இப்போது விஷ்ராந்த்வாடியில் வாடகைக்கு இருக்கிறோம். மேல்மாடிக்காரர் எதிர்ப்பட்டால் இன்றும் மரியாதையாகக் காகா என்கிறார். அதற்குப் பதில் கன்னத்தில் நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை.

கர்த்தர் ஜெபத்தைக் கேட்டார். என் ஜெபத்தை அல்ல, அவள் ஜெபத்தை. என்னுடையதைக் கேட்டிருந்தால் அந்தப் பிள்ளைகளின் கதி என்ன? இப்போது நான் கண்ணை மூடுவதற்கு முன், "மேல இருக்கவரே, இழுத்தா வரேன்" என்று மட்டும் சொல்கிறேன். நீங்களும் அவரை நம்புங்கள். அவர் எந்தக் கையால் இழுப்பார் என்று நமக்குத் தெரியாது. தட்டிவிடாதீர்கள்.

இந்தச் சாட்சியை நீயே சொல் என்று ரெஜினாவைக் கூப்பிட்டேன். "நீங்களே சொல்லுங்க. ஆனா முழுசா சொல்லுங்க" என்றாள். முழுசாகச் சொல்லிவிட்டேன். அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். கை கொடுக்கிறவர்கள் அங்கே போங்கள்.