பதினாறாம் நாள் முட்டை

ச்சீ, அந்த அரைவேக்காட்டு முட்டையை இன்னைக்கு நினைச்சாலும் எனக்குக் குமட்டிக்கிட்டு வருது. பன்னெண்டு வருசம் தினமும் காலையில அதோட மல்லுக்கட்டினேன்.

என் வீட்டுக்காரர் கலியாணசுந்தரம் பண்டார் ஹிலிர் பக்கம் ஒரு ஆபீஸ்ல கிளார்க்கு. அங்க இருந்த வெள்ளைக்காரத் துரை காலையில ரெண்டு முட்டையை அரைவேக்காடாத்தான் சாப்பிடுவாராம். உடனே இவருக்கும் அதே வேணும். மெர்டேக்கா, அதான் நாட்டுக்குச் சுதந்திரம் வந்துச்சு, துரை கப்பலேறிப் போயிட்டார். அவர் முட்டை மட்டும் காஜா பேராங்ல இருந்த எங்க வீட்டு அடுப்படியிலயே தங்கிடுச்சு.

மங்குக் குவளையில முட்டையைப் போட்டு, தளதளன்னு கொதிக்கிற தண்ணியை ஊத்தி மூடி வைக்கணும். சரியா ஏழு நிமிசம். எட்டாச்சுன்னா வீடு ரெண்டுபடும். அப்புறம் பீரிசுல, அதான் சின்னத் தட்டுல, உடைச்சு ஊத்தி, கறுப்பு சோயாக் கிச்சாப்பும் மிளகுத்தூளும் போட்டு நீட்டணும். வெள்ளைக்கரு மூக்குச் சளி மாதிரி நெளியும். பீரிசைத் தூக்கி அவர் உறிஞ்சுற சத்தம் இருக்கே, அய்யய்யோ! மீசையில மஞ்சள் வழிய, "நல்லாருக்கு வேணி"ன்னு சிரிப்பு வேற. அந்தப் பீரிசைச் சாம்பல் போட்டுத் தேய்ச்சாலும் கவிச்சி போகாது. அதனாலயே நான் முட்டையை வாயில வைக்கிறதில்ல.

மெர்டேக்காவுக்கு மறுவருசம், ஒரு திங்கக்கிழமை. பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சுன்னு எங்க மக மல்லிகா குதிச்சா. அவளுக்குச் சடை பின்னுற அவசரத்துல குவளையைக் கீழ வைக்காம எரியிற அடுப்புமேலயே விட்டுட்டேன். முட்டை கல்லா வெந்துபோச்சு. அவர் உடைச்சுப் பார்த்தார். "இதை மனுசன் தின்பானா?"ன்னு வாசல்ல விட்டெறிஞ்சுட்டு, வெறும் வயித்தோட சைக்கிள் ஏறிப் போயிட்டார். பத்து மணிக்கு ஆபீஸ்லேருந்து ஆள் வந்துச்சு. நாற்காலியிலயே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சாய்ஞ்சிட்டாராம்.

அழுகையோட அழுகையா மல்லிகா முட்டைச் சண்டையை அவ அத்தைகிட்ட உளறிட்டா. அலமேலு அண்ணி, அவரோட அக்கா, உஜோங் பாசிர்ல குடியிருக்கிறவங்க. "என் தம்பியைப் பட்டினியா அனுப்பிக் கொன்னுட்டாளே!"ன்னு ஊரைக் கூட்டினாங்க. பதினாறு நாளும் அதே பேச்சுதான். துக்கம் கேக்க வந்தவங்களும் என்னை ஒரு மாதிரியாத்தான் பார்த்தாங்க. போகப்போக எனக்கே உள்ளுக்குள்ள அரிச்சுது, நாந்தான் கொன்னுட்டேனோன்னு.

பதினாறாம் நாள் படையல். காக்கா எடுத்தாத்தான் போனவர் மனசு ஆறிடுச்சுன்னு அர்த்தம். எடுக்கலைன்னா, கொன்னவங்கற பேரு எனக்கு ஆயுசுக்கும் நிலைச்சிடும்.

"முட்டையை நீ தொடாதே"ன்னுட்டாங்க அண்ணி. கடிகாரத்தைப் பார்த்து அவங்களே ஏழு நிமிசம் வச்சு எடுத்தாங்க. வீட்டுக்குப் பின்னால வாழையிலையில சோறு, கறி, நடுவுல அந்தப் பீரிசு.

"கா, கா"ன்னு கூப்பிட்டோம். ஒரு காக்கா வந்து மதில்ல உட்கார்ந்துச்சு. தலையைச் சாய்ச்சு பீரிசைப் பார்த்துச்சு. கிட்டயே வரலை. வெயில்ல முட்டை நாத்தம் கிளம்பி ஈ மொய்க்க ஆரம்பிச்சுது.

"பார்த்தியாடி! பசியோட போன உசுரு, ஆறலை!"ன்னாங்க அண்ணி.

எனக்கு எங்கேருந்துதான் அவ்வளவு கோவம் வந்துச்சோ தெரியலை. விறுவிறுன்னு அடுப்படிக்குப் போனேன். வந்தவங்களுக்கு மிளகாச் சம்பல் செய்ய உரிச்சு வச்சிருந்த முட்டையில ஒண்ணை எடுத்தேன். நல்லாக் கல்லா வெந்தது. ரெண்டாப் பிட்டு இலையில வச்சேன், அந்தப் பீரிசைத் தூக்கிச் சாக்கடையில கொட்டினேன்.

"அடிப்பாவி, என்ன காரியம் பண்றே!"ன்னு அண்ணி கத்தி முடிக்கல. காக்கா இறங்குச்சு. ஒரு பாதியைக் கொத்திக்கிட்டுப் பறந்துச்சு. திரும்பி வந்து மத்த பாதியையும் தூக்கிட்டுப் போச்சு.

நான் அப்படியே தரையில உட்கார்ந்துட்டேன். பதினாறு நாளா வராத அழுகை அப்பத்தான் வந்துச்சு.

"இதைத்தானேய்யா அன்னிக்கும் குடுத்தேன்! அன்னிக்கே தின்னுட்டுப் போயிருக்கக் கூடாதா?"