கூடையில் விட்டுப்போன சாமான்

மலேசியாவின் பத்து பகாட் ஊரில் எங்களுடையது பூஜைச் சாமான் கடை. கற்பூரம், ஊதுபத்தி, விளக்குத் திரி எல்லாம் முன்னால் இருக்கும். சாவுச் சாமான் பின்னறையில். அதற்கு வருகிறவர்கள் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. "அந்தச் சாமான்" என்பார்கள். எடுத்துக் கொடுப்போம். போகும்போது மட்டும் "போயிட்டு வாங்க" என்று சொல்ல மாட்டோம்.

ஊரே கைப்பேசியில் வாங்கத் தொடங்கியதும் என் கணவருக்கு இணையக் கடை ஆசை வந்தது. ஆசை என்ன, பயம்தான். எந்த ஹோஸ்டிங், எந்த ஷாப்பிங் கார்ட் என்று மழைக்காலம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டார். இலவச மென்பொருள் ஒன்று இருந்தது, பழுதானால் நாமே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். "மிக்சி நின்னாலே உங்களுக்குக் கை நடுங்கும், எல்லாம் சேர்ந்து வர்றதையே எடுங்க" என்றேன். அதைத்தான் எடுத்தார், ஆனால் என் பேச்சுக்காக இல்லை. கூடையில் பொருளைப் போட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்களுக்கு அதுவே செய்தி அனுப்பி நினைவூட்டுமாம்.

"விலை கேட்டுட்டு ஓடுறவங்க பின்னாடி நாம ஓட முடியுமா? இது ஓடும்லா!"

பின்னறைச் சாமானையும் படம் பிடித்துப் போட்டார். சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு வசதி என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அதில் முதலில் கணக்குத் திறந்தவர் டீச்சர். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, வெள்ளிக்கிழமை தவறாமல் கற்பூரம் வாங்க வருகிறவர். எங்கள் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். பிறகு அவர் வருவது நின்றது. சிங்கப்பூரிலிருந்து வந்த மகன்தான் விஷயத்தைச் சொன்னான். வயிற்றில் புற்றுநோய், முற்றிவிட்டது.

"அம்மாகிட்ட கேஸ்ட்ரிக்னுதான் சொல்லியிருக்கோம் ஆன்ட்டி. தெரிஞ்சா அன்னிக்கே போயிடுவாங்க. நீங்களும் வாயத் திறந்துடாதீங்க."

நம் வீடுகளில் இதுதானே வழக்கம். நோயாளியைத் தவிர ஊருக்கே தெரியும். நானும் பார்க்கப் போனபோது, கேஸ்ட்ரிக்குக்கு மோர் நல்லது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டாக்டர் கைவிரித்ததும் மகன் எங்கள் இணையக் கடையில் சாமான்களைக் கூடையில் போட்டிருக்கிறான். வீட்டுக் கணினியில் அம்மாவின் கணக்கு திறந்தே கிடந்திருக்கிறது. பணம் கட்டும் இடம் வரை வந்து, மனம் வராமல் மூடிவிட்டான் போலிருக்கிறது.

கடையின் கார்ட் மென்பொருள் தன் வேலையைச் செய்தது. டீச்சரின் கைப்பேசிக்குச் செய்தி போனது. "நீங்கள் தேர்ந்தெடுத்த பொருள்கள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன! இன்றே வாங்குங்கள்!" கீழே கொள்ளிக்குடமும் கோடித் துணியும், படத்தோடு.

டீச்சர் கடைக்குப் போன் செய்தார். நான்தான் எடுத்தேன்.

"ஏம்மா, இத நீங்க அனுப்பினீங்களா, மெஷின் அனுப்புச்சா?"

"மெஷின், டீச்சர்."

"அப்ப கேஸ்ட்ரிக் இல்ல" என்றார். பிறகு, "எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட சொல்லிடாதீங்க. தாங்க மாட்டான். சின்னதிலேருந்தே பயந்த பிள்ள" என்றார்.

போனை வைத்துவிட்டு என் கணவரிடம் கத்தினேன். எந்த இடத்தில் அதை நிறுத்துவது என்று தெரியாமல் அவர் கணினி முன்னால் விழித்துக்கொண்டிருந்தார். அவரைத் திட்டித் தீர்த்தும் என் துக்கம் தீரவில்லை. பின்னறைக்குப் போய் அழுதேன்.

அடுத்த முறை பார்க்கப் போனபோது மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "நீங்க சொன்ன மோர் நல்லா கேக்குதும்மா, கேஸ்ட்ரிக் பரவால்ல" என்றார் டீச்சர். மகன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு ஒரு காலையில் மகன் கடைக்கே வந்தான். "அந்தச் சாமான், ஆன்ட்டி." எடுத்துக் கட்டிக் கொடுத்தேன்.

"கடைசி வரைக்கும் அம்மாவுக்கு ஒன்னுமே தெரியாது ஆன்ட்டி. அந்த ஒரு நிம்மதிதான் எனக்கு."

"ஆமா தம்பி, தெரியாது" என்றேன்.

பையைத் தூக்கிக்கொண்டு அவன் வாசலைத் தாண்டினான். "போயிட்டு வா" என்று நான் சொல்லவில்லை.