றோசலின் அக்காவின் மடியிலிருந்த பிளக்

போன கிழமை காலையில் றோசலின் அக்காவின் புருஷன் யேசுதாசன் அண்ணை போன் எடுத்தார். "பிள்ளை, றோசலின் விடியப்புறம் போயிட்டா" என்றார். ஊர்காவற்றுறையில் எங்கள் மீனவர் சங்க அலுவலகத்தில் எனக்கு எதிர்மேசையில் இருந்தவர் றோசலின் அக்கா. இன்னும் மனம் நம்ப மறுக்கிறது.

சங்கத்துக் கணினியை எங்கள் ஊரவர் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அந்த நாட்களில் கடலுக்குப் போகச் சங்கக் கடிதம் வேண்டும். அது அதில்தான் அச்சாகும். ஜெனரேற்றர் கரண்ட் ஒரு நேரம் மங்கும், ஒரு நேரம் சீறும். கணினி எரிந்தால் திருத்த யாழ்ப்பாணம் கொண்டுபோக வேண்டும். அதுவரை வள்ளங்கள் கரையில்தான். ஆகவே கரண்ட் நின்றதும் அக்கா பிளக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். கரண்ட் திரும்பி வந்தாலும், மேலே தொங்கும் பல்ப் ஒரே வெளிச்சத்தில் நிற்கும்வரை அதைச் சுவரில் கொழுவமாட்டார். "வந்த உடனை கரண்ட் புது மாப்பிள்ளை மாதிரித் துள்ளும். கொஞ்சம் அடங்கட்டும்" என்பார்.

அந்தக் காத்திருப்பில்தான் நாங்கள் பேசிப் பழகினோம். என் கல்யாணப் பேச்சுக் குழம்பியதை முதலில் அவரிடம்தான் சொன்னேன். அக்கா தன் தேத்தண்ணீரில் பாதியை என் கோப்பையில் ஊற்றினார்.

ஒருநாள் கரண்ட் வந்தும் அவர் அசையவில்லை. கடிதத்துக்கு நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். முன்னுக்கு நின்று கத்தியவர் அவருடைய புருஷன் யேசுதாசன் அண்ணையேதான்.

"காத்து மாற முந்திப் போகவேணுமப்பா! லைற் எரியுதுதானே, கொழுவுமன்!"

"ஏலாது. வீட்டிலை நீங்கள் சொல்லுங்கோ, கேக்கிறன். இஞ்சை பல்ப் சொல்லவேணும்."

எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, பல்ப் வெள்ளையாய்ப் பளிச்சிட்டு வெடித்தது. பிளக் அக்காவின் மடியில் பத்திரமாக இருந்தது. அண்ணை கடைக்குப் போய்ப் புதுப் பல்ப் வாங்கிவந்து, கதிரையில் ஏறித் தானே மாட்டினார். வள்ளங்கள் பிந்தித்தான் போயின, ஆனால் போயின.

இப்போது எனக்கு யாழ்ப்பாணத்தில் வேலை. கரண்ட் நின்றால் மேசைக்கடியில் யூபிஎஸ் கீச்சிடும். கணினி அணையாது, ஒருவரும் தலை நிமிர்ந்து பேசுவதில்லை. எனக்கு அக்காவின் குரல் வேண்டும்போல் இருக்கும். கரண்ட் வந்த பிறகும் சற்று நேரம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பேன். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் காத்திருப்பைத்தான்.

அடக்கம் முடிந்து அவர்கள் வீட்டில் இருந்தபோது கரண்ட் நின்றது. அண்ணை எழுந்துபோய் ஃபிரிட்ஜின் பிளக்கைக் கழற்றிக் கையில் பிடித்தார். கரண்ட் வந்தது. குசினி பல்ப் மங்கி, எழும்பி, ஒரே வெளிச்சத்தில் நின்றது. அண்ணை அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை, இனிக் கொழுவலாம்" என்றேன்.

"கொஞ்சம் பொறும், பிள்ளை" என்றார். "அவ இன்னும் சொல்லேல்லை."