பத்து லட்சத்து ஒன்று

அச்சகத்தில் ரசீதுப் புத்தகங்களுக்கு வரிசை எண் போடும் மிஷினை ஓட்டியவர் அவர். கண்ணில் படும் எண்ணையெல்லாம் வகுத்துப் பார்ப்பார். ஏழால் போகுமா, பதின்மூன்றால் போகுமா, மீதி எவ்வளவு? அதனால் அவருக்கு மீதிக்காரர் என்று பெயர். எதற்கும் வகுபடாத பகா எண் சிக்கினால் அன்றைக்கு மனுஷனுக்குத் தலைகால் புரியாது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்வார். பாவம், அவளும் கேட்டுக்கொள்வாள்.

நூறு வரைக்கும் வகுத்துப் பார்த்தால் போதும் என்பது அவர் கணக்கு. ரசீதுப் புத்தகம் பத்தாயிரத்தைத் தாண்டாது, நூற்றை நூற்றால் பெருக்கினால் பத்தாயிரம். கணக்கில் குறை சொல்ல முடியாது.

கல்யாணமான புதிதில், ஆறு இலக்கச் சக்கரங்கள் உள்ள மிஷினால் போட முடியாத ஓர் எண்ணை அவளுக்குச் சொன்னார். பத்து லட்சத்து ஒன்று.

"நூறு வரைக்கும் போட்டுப் பாத்துட்டேன், எதுக்கும் மசியல. நாமளும் அப்படித்தான். யாராலயும் பிரிக்க முடியாது."

அவள் வெட்கப்பட்டாள். அப்போது வெட்கப்பட்டாள்.

அதற்கப்புறம் முப்பது வருஷம். குழம்பில் உப்பா, குடிபோகும் வீடா, மகளின் படிப்பா, எதிலும் அவர் சொன்னதுதான் சரி. தப்பு என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து பிடுங்க ஒருவராலும் முடியவில்லை. ஒரு காலையில் அவள் பெட்டியில் துணிகளை அடுக்கினாள்.

"பொண்ணு வீட்டுக்குப் போறேன். இனிமே அங்கதான்."

போகாதே என்றுதான் சொல்ல நினைத்தார். வாய் மட்டும் பழக்கதோஷத்தில் பேசியது. "பத்து லட்சத்து ஒண்ணு, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு, இருக்கு. நீங்க என்னைக்குத் தப்பா சொல்லியிருக்கீங்க!"

நிரூபித்துக் காட்டினால் நின்றுவிடுவாள் என்று நினைத்தார். என்ன மூளையோ! சமையலறையில் உட்கார்ந்து செய்தித்தாள் ஓரத்தில் வகுக்க ஆரம்பித்தார். நூறு வரை போட்டாயிற்று, இன்னும் கொஞ்சம் பலமாக இருக்கட்டும் என்று நூற்றொன்றை எடுத்தார்.

மீதி இல்லை.

மறுபடி போட்டார். ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒரு தடவை, சுத்தமாகப் போனது. பத்தாயிரத்துக்கான கணக்கை வைத்துக்கொண்டு பத்து லட்சத்தை அளந்திருக்கிறார். ஆயிரம் வரைக்கும் போயிருக்க வேண்டும்.

காகிதத்தைக் கசக்கிப் போட்டிருக்கலாம். அவள் வகுத்தா பார்க்கப்போகிறாள்? வாசலில் டாக்ஸி வந்து ஹாரன் அடித்தது. ஆனால் ஓர் எண்ணைப் பற்றிப் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. காகிதத்தோடு போய் அவள் முன்னால் நின்றார்.

"வகுபடுது. நூத்தி ஒண்ணுல. நான் சொன்னது தப்பு."

ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்த கை நின்றது. "என்ன சொன்னீங்க?"

"நூத்தி ஒண்ணுல..."

"அதை விடுங்க. கடைசியா ஒண்ணு சொன்னீங்களே."

"தப்புன்னேன்."

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

"தப்பு. என் தப்புதான்." காகிதத்தைக் கட்டிலில் வைத்தார். "எல்லாமே தப்பும்மா."

வெளியே மறுபடி ஹாரன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். துணியில் பாதிக்கு மேல் எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

"பத்து நாள்ல வந்துடறேன்," என்றாள். "இதை மடிச்சு உள்ள வையுங்க."