நீலம் ஏறிய கன்னம்

எவால்ட் மாமா என் அம்மாவுக்கு நேர் மூத்தவர். புரூக்ளினில், கல்லில் படம் வரைந்து அச்சடிக்கும் ஒரு கல்லச்சுக் கூடத்தில் வேலை பார்த்தார். சிகரெட் பெட்டிக்குள் பேஸ்பால் ஆட்டக்காரர் படம் போட்ட அட்டை வைப்பார்களே, அந்த முகங்களைக் கல்லில் புள்ளி புள்ளியாகக் குத்தி வரைபவர் அவர்தான். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். எல்லாவற்றிலும் கறுப்பு மையால்தான் வரைய வேண்டும். அச்சில் ஏறினால்தான் எது சிவப்பு, எது நீலம் என்று தெரியும்.

1910 மார்ச்சில் ஒருநாள், அவர் மனைவி ஓட்டிலி அத்தைக்கு அப்போது ஏழாம் மாதம், பகல் சாப்பாட்டுக்கு ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்த மாமா அப்படியே உட்கார்ந்துவிட்டார். எதிரே இருந்த சிவப்புக் கல்லில் கன்னமே இல்லை. முதல் நாள் கன்னத்துக்குக் குத்திய புள்ளிகள் நீலக் கல்லில் போயிருந்தன. அந்தக் கல் காலையிலேயே அச்சுக்குப் போய்விட்டது.

முந்தின வாரம்தான் கூட வேலை பார்த்த ஹென்னிங் அணியின் பெயரைக் கல்லில் இடவலம் மாற்றி எழுதாமல் நேராக எழுதிவிட்டார். மேஸ்திரி பௌமர் அன்றைக்கே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

மாமா அச்சுக்காரர் டோலனிடம் ஓடினார்.

"டோலன், அந்த நீலத்தை இன்னிக்குப் போடாதப்பா."

"போட்டு, காயவே வெச்சாச்சு. ஏன், மூஞ்சி வெளுத்துக் கெடக்கு? உனக்கும் ரெண்டு புள்ளி வெக்கட்டுமா?"

மஞ்சளுக்கு மேல் நீலம் ஏறிய அந்த முகம், ஆற்றிலிருந்து இழுத்துப் போட்ட பிணம் மாதிரி இருந்தது. மாமா திரும்பி வந்து சிவப்புக் கல்லிலும் கன்னத்தைக் குத்தி முடித்தார்.

மறுநாள் எல்லா நிறமும் ஏறிய அட்டையை பௌமர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஐயா, அந்தக் கன்னம்..."

"சும்மா இருய்யா." மறுபடி பார்த்தார். "இப்பத்தான் சவரம் பண்ணிட்டு வந்த மாதிரி இருக்கானே! யாரு சொல்லிக் குடுத்தா?"

மாமா அட்டையை வாங்கிப் பார்த்தார்; சிவப்புக்கு அடியில் நீலம் மழித்த தாடி மாதிரித் தெரிந்தது.

"மிச்சம் இருக்கிற இருபத்துமூணு ஆட்டக்காரனுக்கும் இதே மாதிரி வை. ஒண்ணு பிசகினாலும் விட மாட்டேன்."

தெரியாமல் செய்ததைத் தெரிந்தே இருபத்துமூன்று முறை செய்ய வேண்டும். முதல் கன்னத்தில் எத்தனை புள்ளி வைத்தார் என்பதுகூட அவருக்கு நினைவில்லை. அன்று பிடித்த பயம் கடைசிவரை விடவில்லை. ஒவ்வொரு கல்லின் விளிம்பிலும் சுண்ணக்கட்டியால் நிறத்தை எழுதுவார். அதையும் நம்பமாட்டார், டோலனைக் கூப்பிடுவார்.

"இது என்ன கல்லு? சத்தமாப் படி."

"நீலம்பா, நீலம்!"

"இன்னொரு தரம் பார்த்துச் சொல்லு."