வால்வின் கைப்பிடி

கந்தப்பளையில் நான் பார்த்துக்கொண்ட பங்களாவின் நீச்சல் குளத்தைச் சரிசெய்ய, பனிக்காலம் முடிந்ததும் ஹட்டனிலிருந்து குளம் பழுதுபார்ப்பவர் ஒருவர் வந்தார். எதையும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார். குளத்துத் தண்ணீரை எடுத்த சோதனைக் குழாயையும் அப்படித்தான் பார்த்தார்.

“வெயிலில்லாத மாசத்துலயும் குளோரின் வில்லை போட்டிருக்கீங்க. குளோரின் வெயில்ல போயிராம காக்க அதுல ஸ்டெபிலைசர் இருக்கு; அது தேங்கிருச்சு. இனி குளோரின் வேலை செய்யாது. பாதித் தண்ணிய எறக்கிப் புதுசு விடணும்.”

இறக்கினோம். நாளை விருந்தாளிகள் வருகிறார்கள், இன்றே நிரப்பு என்று முதலாளி தொலைபேசியில் கத்தினார்.

வால்வைத் திறக்கப் போனவர் நின்றார். “இது எந்தத் தண்ணி?”

“லயத்துக்குப் போற அதே மலைப் பீலித் தண்ணிதாண்ணே. இங்க திறந்தா அங்க நின்னுரும்.”

கீழே, தோட்டத் தொழிலாளர் லயத்தின் பீலியடியில், கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்கள் வாளிகளோடு வரிசையில் நின்றார்கள். அவர் வால்வின் கைப்பிடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

“ஒடஞ்சிருச்சுன்னு சொல்லுங்க.”

“என் வேலை போயிரும்ண்ணே!”

“நான் ஒடச்சேன்னு சொல்லுங்க.”

முதலாளி என்னைத் திட்டித் தீர்த்தார்.

மழை குளத்தை நிரப்பிய பிறகுதான் அவர் திரும்பி வந்தார். முதலாளியின் கண்ணெதிரே, அதே கைப்பிடியைப் புதிதுபோலக் காகிதத்திலிருந்து பிரித்து மாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். ஒற்றைக் கண் மூடியிருந்தது. அது வழக்கம்தானா, எனக்கானதா என்று இன்றுவரை தெரியவில்லை.