இரண்டாவது மணிக்குப் பிறகு

எங்கள் கல்லூரியின் மிக உயர்ந்த கௌரவ விருதுக்குப் பாராட்டுப் பத்திரம் எழுதுவது என் வேலை. இயற்பியல் வாத்தியாருக்கு இதென்ன வேலை என்று கேட்காதீர்கள். தமிழ்த் துறைக்காரர்கள் எழுதினால் யாராக இருந்தாலும் இமயமலையில் ஏற்றிவிடுவார்கள். நான் எழுதினால் ஆளை அடையாளம் தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். எழுதியவரே மேடையில் வாசிக்க வேண்டும் என்பது இங்கே வழக்கம்.

இந்த வருடம் விருது என் பழைய மாணவிக்கு. மேலப்பாளையத்துப் பெண், இப்போது ராக்கெட் விஞ்ஞானி. பெயரைப் பார்த்ததும் பேனா நின்றுவிட்டது.

அவள் படித்தபோது, இரண்டாவது மணி அடித்ததும் வகுப்புக் கதவைச் சாத்திவிடுவேன். அப்படியொரு கறார். அவளோ காலையில் அம்மாவோடு பீடி சுற்றிக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். பல நாள் பத்து நிமிடம் பிந்தும். வராந்தாவில் நின்று சன்னல் வழியாகக் கேட்டுக் குறிப்பெடுப்பாள். எனக்குத் தெரியும். தெரிந்தேதான் ஆப்சென்ட் போட்டேன். வருகை குறைந்து, பரீட்சை எழுத முடியாமல் அவளுக்கு ஒரு வருடம் வீணாயிற்று.

இதை விட்டுவிட்டு அவளைப் பற்றி எழுதினால் பத்திரமே பொய். எழுதினேன். கல்லூரி முதல்வர் எனக்கு ஜூனியராக இருந்தவர். படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அண்ணாச்சி, நாம விருது கொடுக்கோமா, வழக்கு நடத்துதோமா? இதை எடுத்துருங்க."

கண்ணாடிச் சட்டம் போட்டு வந்த பத்திரத்தில் அந்த வரி இல்லை. அந்த வரியோடு நான் எழுதிய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மேடையில் அவள் எனக்கு இரண்டடி தள்ளி நின்றாள். சட்டத்தில் இருந்ததை வாசித்து முடித்துவிட்டுத் தாளை எடுத்தேன். "இவர் ஓராண்டை இழந்தார். கதவைச் சாத்தி அதற்குக் காரணமானவன், இதை வாசிக்கும் நான்."

கைதட்டலாமா கூடாதா என்று கூட்டம் முழித்தது. முதல்வர் குனிந்து செருப்பைப் பார்த்தார். மன்னித்துவிடுவாள் என்று உறுதியாக நம்பினேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பொன்னாடையோடு அவள் என் அருகில் வந்தாள். எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"கதவு மேல எனக்குக் கோவமே இல்ல சார். அது எல்லாருக்கும் சாத்துனது. ஒருநா பாடத்தை நிப்பாட்டிட்டு, என்னைப் பாத்துக்கிட்டே சன்னலையும் சாத்துனீங்கல்லா, அதான் இன்னும் ஆறல."

அந்தச் சன்னல் எனக்கு நினைவிலேயே இல்லை.